படிக்காமல் விட்ட வரி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். இதைச் சொல்லும்போது இப்போதும் என் தலை கொஞ்சம் நிமிர்கிறது. அந்த நிமிர்வு எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதை ஒரு முறையாவது எழுதிவிட வேண்டும்.

அண்ணன் மலாயாவுக்குப் புறப்பட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. தர்மபுரிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன்; விடுமுறைக்கு வந்திருந்தேன். தொடர்ந்து மழை பொய்த்து, பாப்பாரப்பட்டிக்கு மேற்கே இருந்த எங்கள் மேட்டுக்காட்டில் கேழ்வரகு முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவர் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார். அண்ணன் போகிறேன் என்றான். அம்மா விடமாட்டேன் என்றாள். கடலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பார்ப்பது என்பது ஒன்றே அவளுடைய கேள்வி.

கங்காணி மடியிலிருந்து அச்சடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "இதுல எல்லாம் போட்டிருக்குதுங்க. காயம் பட்டா வைத்தியம், படுத்தா ஆஸ்பத்திரி, எல்லாமே தோட்டத்துச் செலவு."

"அதுல அப்பிடித்தான் போட்டிருக்குதுன்னு யாரு கண்டா?" என்றாள் அம்மா.

"நான் படிக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

கங்காணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்துப் படி பாப்பா. நீ தப்பாப் படிச்சி கப்பலு பர்மாவுக்குத் திரும்பிடப் போவுது."

களத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று, தோட்ட வேலையில் காயம்பட்டவருக்கு முதலாளி செலவில் வைத்தியம் செய்யப்படும் என்ற ஷரத்தையும், வேலைக்கு லாயக்கில்லாமல் போனவரை முதலாளி செலவிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்ற ஷரத்தையும் நிறுத்தாமல் படித்தேன். ஒருவர் லாயக்கில்லை என்பதை யார் தீர்மானிப்பது, எப்போது, எப்படி என்றெல்லாம் கீழே பொடி எழுத்தில் இருந்தது. அது எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் இல்லை.

"அப்ப காலை ஒடிச்சிக்கிட்டா கப்பல் சவாரி சும்மாவா?" என்று கேட்டான் அண்ணன்.

"வாயக் கழுவுடா" என்றாள் அம்மா. ஆனால் அவள் முகம் இளகியிருந்தது. "பாப்பாவே படிச்சிருச்சு. அப்பறம் என்ன?" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அவனை அனுப்பி வைத்தது கங்காணியின் பேச்சல்ல, என் வாசிப்பு.

அதற்குப் பிறகு அண்ணனிடமிருந்து காகிதம் வருவதும் நான் படிப்பதும் வீட்டில் ஒரு வழக்கமாகிவிட்டது. தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கெழுதுகிறவர், அண்ணன் சொல்லச் சொல்ல எழுதித் தருவார். நான் சேலத்தில் ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. ஒரு காகிதத்தை அப்பா பாப்பாரப்பட்டிச் சந்தைக்குக் கொண்டுபோய் ஒரு கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார். அவர் கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார். அண்ணனுக்கு வயிற்றுக் கடுப்பு வந்து தேறியதாக அதில் எழுதியிருந்தது. ஆடிப்பெருக்குக்கு நான் ஊருக்கு வந்தபோது வழியில் பார்த்தவரெல்லாம் அதையே கேட்டார்கள்.

"ஒங்கண்ணன் இன்னும் சொம்பும் கையுமாத்தான் திரியறானா? அதுக்கு எதுக்கு கப்பலேறிப் போவணும், நம்ம கரட்டுப் பக்கமே இருக்குதே!"

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "நான் ஒருத்தி படிச்சவ இருக்கறப்போ நம்ம வூட்டுக் காயிதத்தை ஊரான் எதுக்குப் படிக்கணும்? இனிமே யாரு கையிலயும் குடுக்காதீங்க. நான் வர்ற வரைக்கும் அப்பிடியே வைங்க."

"சரி கண்ணு" என்றார் அப்பா. "இனிமே ஒன் கையிலதான்."

அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை அவர் சேலத்துக்கு வந்தார். விடுதியில் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் வீட்டாரைப் பார்க்க விடுவார்கள். புங்க மரத்தடியில் உட்கார்ந்தோம். அன்று பெருமாளுக்கு விரதம். அவர் நெற்றியில் நாமம் வியர்வையில் கரைந்திருந்தது.

"எங்கப்பா இவ்வளவு தூரம்?"

"செவ்வாப்பேட்டைக்குப் புளி கொண்டாந்தேன். அப்பிடியே ஒன்னையும் பாத்துட்டுப் போலாம்னு."

எங்கள் மரத்துப் புளி பங்குனியிலேயே விற்றுத் தீர்ந்துவிடும். காட்டுக்காரர் மகளான எனக்கு அது தோன்றவில்லை. அந்த வாரம் நான் மாதிரிப் பாடம் நடத்தியிருந்தேன். தலைமையாசிரியை எல்லார் முன்னாலும் என்னைப் புகழ்ந்திருந்தார். அதைச் சொன்னேன். கரும்பலகையில் நான் வரைந்த காவேரியைப் பற்றிச் சொன்னேன். எனக்கு அடுத்தபடியாக வந்தவள் வக்கீல் மகள் என்பதையும் சொன்னேன். அப்பா ஒவ்வொன்றுக்கும் "அப்பிடியா கண்ணு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே அவர் கை இடுப்புக்குப் போய்த் தடவிவிட்டுத் திரும்பியது. வெற்றிலைப் பையைத் தேடுகிறார் என்று நினைத்தேன். விரத நாளில் அவர் வெற்றிலை போடுவதில்லை. அதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

மணி அடித்தது. அப்பா எழுந்தார். "தீவாளிக்கு வருவ இல்ல? வந்தா பாத்துக்கலாம்" என்றார்.

எதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் கேட்கவில்லை. முழுதாக ஒரு மணி நேரம் நான்தான் பேசியிருந்தேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். ஐப்பசி பிறந்திருந்தது. கை கால் கழுவுவதற்குள் அம்மா சாமி மாடத்திலிருந்து மஞ்சள் துணி சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். உள்ளே பிரிக்காத உறை. மேலே சிவப்பு மையில் 'அவசரம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.

"ஆவணிக் கடைசியில வந்துச்சு. ஒருத்தர் கையும் படல" என்று பெருமையாகச் சொன்னாள். "தபால்காரரு கேட்டாரு, செவப்புல எழுதியிருக்குது, நான் வேணா படிக்கட்டுமான்னு. ஒங்கப்பா குடுப்பாரா? எம்பொண்ணு வந்து படிப்பான்னுட்டாரு."

பிரித்தேன். பழைய மரங்களை வெட்டிச் சாய்க்கும்போது ஒரு மரம் அண்ணன் காலில் விழுந்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது. எலும்பு நேராகக் கூடவில்லை. இனி வேலைக்கு லாயக்கில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். ஒப்பந்தப்படி அவனை ஊருக்கு அனுப்பத் தோட்டத்தார் சம்மதித்திருக்கிறார்கள். ஆனால் தனியாக நடக்க முடியாதவரைத் துணையில்லாமல் இறக்கிவிட மாட்டார்கள். நாகப்பட்டினத்தில் இறக்கிக்கொள்ள உறவினர் வருவதாக வீட்டிலிருந்து எழுத வேண்டும். அந்தக் காகிதம் புரட்டாசி கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கப்பலில் பிடித்து வைத்திருக்கும் அவன் இடம் வேறொருவருக்குப் போகும். கடைசியில் அண்ணன் சொல்லி எழுதியது: 'பாப்பா இதைப் படித்ததும் உடனே எழுதிவிடும் என்று எனக்குத் தெரியும்.'

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடி பட்டதைப் படித்தேன். அவள் அழுதாள். வைத்தியம் நடப்பதைப் படித்தேன். ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று படித்தேன். கெடு எழுதியிருந்த வரி வந்ததும் என் கண் அதைத் தாண்டிக் கீழே போயிற்று. 'கூடிய சீக்கிரம் கப்பல் ஏற்றுவார்கள்' என்று இல்லாத ஒன்றைச் சேர்த்துப் படித்தேன். கடைசி வரியையும் விட்டேன்.

அப்பா மெதுவாகச் சொன்னார்: "சேலத்துக்கு வந்தப்பவே இடுப்புல வெச்சிருந்தேன். நீ அவ்வளவு சந்தோசமாப் பேசிட்டிருந்த. கெட்ட சேதியா இருந்தா ஒம்மொகம் வாடிப் போயிருமேன்னு எடுக்கல. நல்லதாப் போச்சு, ஊருக்குத்தான அனுப்பறாங்க."

அன்றைக்கே பதில் எழுதித் தபாலில் போட்டேன். கிராணியின் பதில் மார்கழிக்கு முன்னால் வந்தது. அந்தக் கப்பல் போய்விட்டது, தை மாதத்தில் இன்னொன்றில் ஏற்பாடு செய்கிறோம் என்று எழுதியிருந்தார். தை பிறப்பதற்குள் மலாயாவில் சண்டை வந்துவிட்டது. பிறகு கப்பலும் இல்லை, காகிதமும் இல்லை. அந்த ஒப்பந்தக் காகிதம் அண்ணனைக் கைவிடவில்லை. அதில் போட்டிருந்தபடி வைத்தியம் பார்த்தார்கள், இடமும் பிடித்து வைத்தார்கள். அந்த இடத்தைப் போக்கியது நான்.

அந்த வருஷங்களில் அம்மா நினைத்தபோதெல்லாம் அந்தக் காகிதத்தை எடுத்து வந்து நீட்டுவாள். "இன்னொரு வாட்டி படி." நான் படிப்பேன். எழுத்துத் தெரியாத அம்மாவுக்கு என் வாசிப்பு முழுவதும் மனப்பாடம். ஒரு முறை 'சீக்கிரம் கப்பல் ஏற்றுவார்கள்' என்று படித்துவிட்டேன்.

"கூடிய சீக்கிரம்னு இல்ல போட்டிருக்குது?" என்றாள்.

"ஆமாம்மா, கூடிய சீக்கிரம்" என்றேன்.

என் பொய்யை அவள் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றி வைத்திருந்தாள். மூன்றாவது வருஷம் காய்ச்சலில் படுத்தாள், எழவில்லை. அந்தச் சமயத்தில் எனக்கு வேலையும் கிடைத்திருந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் என்னை 'டீச்சரம்மா' என்று கூப்பிட்டார்கள்.

சண்டை ஓய்ந்த மறு வருஷம் அண்ணன் வந்தான். தந்தி கிடைத்து, மொரப்பூர் ஸ்டேஷனுக்கு நானும் அப்பாவும் போயிருந்தோம். ஒரு கால் குட்டையாகிக் கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு இறங்கினான். இறங்கியதும் எங்கள் இருவருக்கும் பின்னால் பார்த்தான். அம்மா போனதை நான் எழுதியிருந்தேன். அது அவனுக்குக் கிடைக்கவில்லை. அப்பா தலையை அசைத்தார். அண்ணன் முகத்தைத் திருப்பி ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் பார்த்தான். பிறகு "மொ... ரப்... பூர்" என்று எழுத்துக் கூட்டினான்.

"ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரரு சொல்லிக் குடுத்தாரு. படுத்துக் கெடந்தவனுக்கு வேற என்ன வேலை?"

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சாமி மாடத்துப் பொட்டலம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

சில நாள் கழித்து மூவரும் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் கேட்டான்: "ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு காயிதம் போட்டேனே, வந்துச்சா?"

"வராமயா?" என்றார் அப்பா. "ஒங்கம்மா அதைப் பாட்டாவே வெச்சிருந்தா. எடுத்தாந்து படி கண்ணு, அவனும் கேக்கட்டும்."

எடுத்து வந்தேன். இந்த முறை உள்ளபடி படித்தேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. சொல்லி எழுதியவன் எதிரே உட்கார்ந்திருந்தான்; வேறு வழியில்லை. 'உறவினர் வருவதாக எழுத வேண்டிய கெடு' என்று தொடங்கியதும் அப்பாவின் கை கடலைக்காய்மேல் நின்றது.

"இந்த வரி அதுல இல்லியேம்மா."

"இருந்துச்சுப்பா. நான்தான் படிக்காம விட்டுட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். அண்ணன் முறத்தைப் பார்த்தான்.

"கெடு எந்த மாசம்னு போட்டிருக்குது?" என்றார் அப்பா.

கேட்கும்போதே அவர் கை இடுப்புக்குப் போயிற்று. புங்க மரத்தடியில் போய்ப் போய்த் திரும்பிய அதே கை. பெருமாள் விரதத்தோடு வந்த சனிக்கிழமையை அவர் மறந்திருக்க மாட்டார். அன்றைக்கு எழுதிப் போட்டிருந்தால் காகிதம் கெடுவுக்குள் போயிருக்கும். அந்தக் கணக்கை அவர் போடுவதற்கு முன் நான் சொல்லிவிட்டேன்.

"ஆவணிப்பா. ஆவணி கடைசி."

அப்பாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "காயிதமே ஆவணிக் கடைசியிலதான வந்துச்சு. அப்ப நான் சேலத்துக்கு எடுத்தாந்தது பின்னாடிதான். யாரு படிச்சிருந்தாலும் ஒன்னும் ஆயிருக்காது." பிறகு என் தலையில் கை வைத்தார். "ஒம் மேலயும் தப்பில்ல கண்ணு. இதைச் சொல்றதுக்கா இத்தனை வருசம் மருகிக்கிட்டுக் கெடந்த?"

அவர் எழுந்து மாட்டை அவிழ்க்கப் போனார். அவரைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அது என்னையும் சேர்த்து மன்னித்துவிடும் என்று நினைக்கவில்லை. அந்த மன்னிப்பு என்னுடையது அல்ல. திருப்பிக் கொடுக்கவும் முடியாது; கொடுத்தால் அப்பாவின் கை மறுபடியும் இடுப்புக்குப் போகும்.

அண்ணன் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கினான். வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினான்.

"பு... ரட்... டா... சி" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி படித்தான்.

என்னால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவன் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தான்.

"அப்பாவுக்கு ஆவணியாவே இருக்கட்டும்" என்றான். கட்டையை ஊன்றி எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. என்னை மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவும் எனக்கில்லை.

இப்போதும் வீட்டுக்கு ஏதாவது காகிதம் வந்தால் அப்பா அதைப் பிரிக்காமல் சாமி மாடத்தில் எடுத்து வைக்கிறார். படிக்கத் தெரிந்த அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். பள்ளி விட்டு நான் வரும்வரை அது அங்கேயே இருக்கிறது.