எறும்புதான் என்றார்கள்

சோற்றில் ஒரு இறக்கை கிடந்தால் போதும், அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்காது. எங்கள் ஆற்றங்கரை ஊரில் ஈசலைப் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்பார்கள். அந்த வாடைக்கே நான் கொல்லைப்பக்கம் ஓடுவேன். இப்படிப்பட்டவளைத்தான் தூத்துக்குடியில் ஒரு கருப்பட்டி வியாபாரி வீட்டுக்கு மருமகளாக அனுப்பினார்கள்.

முன்கட்டு முழுக்க ஓலையில் கட்டிய கருப்பட்டிச் சிப்பங்கள். குடத்தில் எறும்பு, தலையணையில் எறும்பு. மாமியாருக்கு அதில் பெருமை வேறு. எறும்பு ஏறாத வீட்டில் என்ன இருக்கப்போகிறது என்று கேட்பார். அந்த வீட்டில் என்னோடு மனம்விட்டுப் பேசியது கல்யாணத்துக்கு நின்ற நாத்தனார் ஒருத்திதான். அவள் இல்லாவிட்டால் முதல் மாதமே பெட்டியைத் தூக்கியிருப்பேன்.

அது யுத்த காலம். நல்ல துணி கிடைப்பது குதிரைக்கொம்பு. நாத்தனாருக்குப் பார்த்த விளாத்திகுளத்து மாப்பிள்ளை வீட்டார், துணி கிடைத்தபோதே கூறைப்பட்டுச் சேலையை வாங்கி நிச்சயத்தன்றே கொடுத்துவிட்டார்கள். மாமியார் அதை ஒரு மரப்பெட்டியில் வைத்து, மஞ்சள் நூல் சுற்றி, உள்ளறைச் சுவரோரம் தரையில் வைத்தார். பந்தக்கால் நடும் நாள்வரை திறக்கக் கூடாது. திறந்தால் கல்யாணம் தட்டிப்போகும் என்பது அவர்கள் வழக்கம். நாத்தனார் தினமும் அந்தப் பெட்டியைத் துடைத்து வைப்பாள்.

ஐப்பசியில் முதல் மழை விட்ட சாயங்காலம் உள்ளறையில் விளக்கேற்றினேன். சுவர் விரிசலிலிருந்து இறக்கைப் பூச்சிகள் குபுகுபுவென்று கிளம்பி வந்தன. விளக்கில் விழுந்தன, தலைமுடியில் சிக்கின, ரவிக்கைக்குள் புகுந்தன. தரையில் விழுந்தவை இறக்கையை உதறிப் போட்டுவிட்டு, ஒன்றின் வாலை ஒன்று மோந்துகொண்டே ஊர்ந்தன. கால் வைத்த இடமெல்லாம் பிசுபிசுவென்று நசுங்கின. வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன்.

இறக்கை முளைத்த எறும்பு என்று மாமனாரும் மாமியாரும் முடித்துவிட்டார்கள். ஈசல் என்றால் அவர்களுக்குப் பனங்காட்டுப் புற்றிலிருந்து பெரிதாகக் கிளம்புவது. இதுவோ சிறுசு, கறுப்பு. கருப்பட்டி வீட்டுக்கு எறும்பைத் தவிர வேறென்ன வரும்?

எனக்கு மனசு ஆறவில்லை. பிறந்த வீட்டில் வாசல் நிலையைக் கறையான் தின்றதைப் பார்த்தவள் நான். மறுநாள் காலை பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரோரம் செத்துக் கிடந்ததில் ஒன்றையும், சிப்பத்தில் திரிந்த இறக்கை எறும்பு ஒன்றையும் பீங்கான் தட்டில் வைத்துப் பார்த்தேன். எறும்புக்கு இடுப்பு நூலாக ஒடுங்கியிருந்தது. மீசை முழங்கையாக மடங்கியிருந்தது. முன்னிறக்கை நீளம், பின்னிறக்கை குட்டை. மற்றதற்கு இடுப்பே கிடையாது, கழுத்திலிருந்து வால்வரை ஒரே தடிமன். மீசை நேராக நின்றது. நாலு இறக்கையும் ஒரே அளவு, உடம்பைவிட நீளம். சந்தேகமே இல்லை, இறக்கை முளைத்த கறையான்தான்.

தட்டை மாமியாரிடம் நீட்டினேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்ச் செத்ததை ஏந்திக்கொண்டு வருகிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டியைத் திறந்து பார்த்துவிடலாம் என்றேன். நல்ல காரியத்துக்கு வைத்ததைப் பற்றி அபசகுனமாகப் பேசாதே என்றார். நான் விடவில்லை. கறையான், கறையான் என்று மாமனாரிடம் சொன்னேன், நாத்தனாரிடமும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே பெட்டியைத் துடைத்தாள்.

கார்த்திகை முடிகிற சமயம், துடைக்கப்போன அவள் விரல் பலகைக்குள் பொதுக்கென்று இறங்கியது. அலறிக்கொண்டு அவளே நூலை அறுத்தாள். மேல் மடிப்பில் சரிகை புதுசாக மின்னியது. தூக்கினாள். அந்த மடிப்பு மட்டும்தான் கையோடு வந்தது. அடியில் ஈரமண், மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாய் நெளிகிற கூட்டம், ஊசிப்போன சோற்று நெடி. பட்டைத் தின்றதோ கடித்துத் துப்பியதோ, சிவப்பு நூல் மண்ணோடு குழைந்து கிடந்தது. புழுக்கள் அவள் மணிக்கட்டில் ஏறின. உதறக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மாமியார் வந்து பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏளா, சொல்லிச் சொல்லியே வர வச்சிட்டியே. கருநாக்கு."

தட்டை நீட்டியபோது திரும்பிக்கொண்ட முகம் அது. அந்தப் பேச்சு எனக்குப் புழுவைவிட அருவருப்பாக இருந்தது. எனக்காக நாத்தனார் பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் கையிலிருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். குரலில் கோபமே இல்லை.

"மைனி, ஏங் கல்யாணத்துக்கு நீங்க மட்டும் வராதீங்க."

தையில் வேறொரு சேலையில் அவளுக்கு விளாத்திகுளத்தில் கல்யாணம் நடந்தது. எல்லோரும் வண்டி கட்டிப் போயிருந்தார்கள். நான் உள்ளறையில் உட்கார்ந்து சுவரிலிருந்து கறையானைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.