பதினேழாம் இடத்துத் தோர்குன்

மீன் வெட்டிய கை வெளிநாட்டு மந்திரிகளோடு கைகுலுக்கக் கூடாது என்று எந்தச் சாத்திரத்தில் எழுதியிருக்கிறது? எழுதியிருந்தாலும் தோர்குன் நேஸ்வோல் அதை மதித்திருக்க மாட்டாள்.

நார்வேயின் வடகோடித் தீவான லாங்ஸ்காரில், மீன் ஆலையில் கூறுபோடும் வேலை அவளுக்கு. பக்கத்து மேசை ஹெர்போர்க், கைக்குழந்தையைக் காலி மீன்பெட்டியில் படுக்கவைத்துவிட்டுக் கத்தியைப் பிடிப்பாள். ஊருக்கு ஒரு குழந்தைக் காப்பகம் வேண்டுமென்று தோர்குன் இருமுறை மனுக் கொடுத்தாள். பத்தொன்பது ஆண்கள் உட்கார்ந்திருந்த ஊர்மன்றம் இருமுறையும் சிரித்துவிட்டுத் தள்ளியது. உள்ளே போயே கேட்டுவிடலாம் என்று 1971 தேர்தலில் நின்றாள்.

கட்சித் தலைவர் ஆர்ன்ஃபின், ஹெர்போர்க்கின் அண்ணன். வேட்பாளர் பட்டியலில் பதினேழாம் இடம் தந்தார். பட்டியலின் மேலிருந்துதான் ஆட்கள் மன்றத்துக்குள் போவார்கள்; கட்சிக்கு ஒன்பது இடம் கிடைத்தாலே பெரிது.

"கோவிச்சுக்காத தாயி. பட்டியல்ல ஒரு பொம்பள பேரு இருந்தாத்தான் லட்சணம்."

"லட்சணத்துக்குன்னா பூத்தொட்டிய நிறுத்தியிருக்கலாமே அண்ணே! அது கேள்வியும் கேக்காது."

அந்நாட்டுத் தேர்தலில் ஒரு வசதி இருந்தது. கட்சிப் பட்டியலில் பிடிக்காத பெயரை வாக்காளரே அடித்துவிட்டு, பிடித்த பெயரை இன்னொரு முறை எழுதலாம்; எழுதப்பட்டவர் பட்டியலில் மேலேறுவார். லாங்ஸ்காரில் யாரும் அப்படிச் செய்ததில்லை. மாமன் மச்சான் பெயரை யார் அடிப்பார்கள்?

செவ்வாய்தோறும் பெண்கள் கம்பளி பின்னக் கூடுவார்கள். அங்கே பலகாரப் பேச்சுதான் நடக்கும் என்று ஆண்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. தேர்தலுக்கு முந்தைய செவ்வாய், தோர்குன் கட்சிப் பட்டியலை நடுவில் விரித்துவைத்தாள்; பலகாரம் தொடாமலே ஆறிப்போனது.

"என் கூடப்பொறந்தவர் பேரயா அடிக்கச் சொல்ற?" என்றாள் ஹெர்போர்க்.

"உன் பிள்ளைய அவரு ஒருநாளாச்சும் தூக்கி வச்சிருக்காரா?"

"மீன்பெட்டி குடுத்தாரே."

"பெட்டிக்கு நன்றி சொல்லு. வோட்டை எனக்குப் போடு."

எண்ணி முடித்தபோது தோர்குன் பெயர் முதலிடத்தில் இருந்தது. ஆர்ன்ஃபின் மன்றத்துக்கு வெளியே.

"நீயாச்சும் என்னை விட்டு வச்சியா?" என்று தங்கையிடம் கேட்டார்.

"உங்க பேனாவ வாங்கித்தான் அடிச்சேன்ணே. நல்லாத்தான் எழுதுது!"

அவர் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முதல் கூட்டத்திலேயே தோர்குன் காப்பகத் தீர்மானத்தைக் கொண்டுவந்தாள். அடுத்த தேர்தலில் தங்கள் பெயர்மேலும் பேனா பாயுமே என்ற பயத்தில் மற்ற பதினெட்டுப் பேரும் கை தூக்கினார்கள். நியாயத்துக்குத் திறக்காத மனம் பயத்துக்குத் திறந்தது. எப்படியோ குழந்தை மீன்பெட்டியிலிருந்து எழுந்தது.

பிறகு ஊர்த்தலைவரானாள், நாடாளுமன்றம் போனாள். கடல் எல்லைப் பேச்சுவார்த்தையில், மீன் அளவு பற்றி ஒருமணி நேரம் முழங்கிய அயல்நாட்டு அதிகாரியிடம், "ஐயா இதுவரைக்கும் எத்தனை மீன் வெட்டியிருக்கீங்க?" என்று கேட்டாள். அவர் தண்ணீர் குடித்தார். அடுத்த ஆண்டு அதே நாட்டுக்குத் தூதராகப் போனாள்.

உங்கள் ஊர் மன்றத்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். பெண் வென்ற நாற்காலியில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தால், எழுந்திருக்கச் சொல்லுங்கள்.