நீலம் போட்டுத் தோய்த்த சட்டை: சிட்னியில் ஒரு குற்றவியல் நூதனசாலை

துப்பறியும் கதை என்றால் சோற்றை மறக்கிற ஆள் நான். சிட்னியில் பழைய பொலிஸ் கோர்ட் கட்டடம் ஒன்றைக் குற்றப் புலனாய்வு நூதனசாலையாக்கிக் காட்சிக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு வருடமாக ஆசை. இந்த ஏப்ரல் பள்ளி விடுமுறையில் மனைவி பிள்ளைகளோடு ஸ்பிரிங்வேலில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். நான் காரை எடுத்தேன்.

கிரெய்கிபர்னில் இருப்பவர்களுக்கு சிட்னிக்குப் போகும் ஹியூம் நெடுஞ்சாலை வாசலிலேயே கிடக்கிறது. ஏறத்தாழ 850 கிலோமீற்றர். காலை ஐந்துக்குப் புறப்பட்டு மாலை நாலுக்கு சிட்னியின் புறநகரான லிட்கம் சேர்ந்தேன். பெற்றோலுக்கு 115 டொலர். சிட்னிக்குள் நுழைந்ததும் எந்தப் பக்கம் திரும்பினாலும் டோல் காசு பிடுங்குகிறார்கள். நகரத்துக்குள் காரைக் கொண்டு போகாதீர்கள். லிட்கத்தில் விட்டுவிட்டு ரெயின் எடுங்கள், முக்கால் மணி நேரம்.

தங்கியது தவமணி அன்ரியின் யூனிட்டில். ஊரில் எங்களுக்கு அடுத்த வீடு. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் ரவி. ஊரில் யுத்தத்தின் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். எங்கே போகிறேன் என்று கேட்டார், சொன்னேன். மறுநாள் காலை சேலை கட்டி, பெரிய பை ஒன்றோடு வாசலில் நிற்கிறார். தனியாக, ஆற அமரப் பார்க்கலாம் என்ற என் கனவில் மண் விழுந்தது.

ரெயினில்தான் காரணம் சொன்னார். ஊரில் புதைகுழிகளில் எலும்புகள் தோண்டுவதைப் போனில் பார்த்ததிலிருந்து நித்திரை இல்லை. பையில் ரவியின் பள்ளிக்கூடச் சட்டை. அதை வைத்து அவனை அடையாளம் காண முடியுமா என்று அங்கே கேட்க வேண்டும். அது சுற்றிப் பார்க்கிற நூதனசாலை, மனுக் கொடுக்கிற கந்தோர் இல்லை என்று மூன்று தரம் சொன்னேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார். பையை மட்டும் விடவில்லை.

நுழைவுக் கட்டணம் எனக்கு 15, அன்ரிக்கு 12. பெரிய பைகளை வாசலிலேயே லொக்கரில் வைக்க வேண்டும். அன்ரி மாட்டேன் என்று நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைசியில் பையை உள்ளே வைத்துச் சட்டையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல்.

உள்ளே நாலு அறைகள். கைதிகளின் பழைய படங்கள், நஞ்சுக் குப்பிகள், துப்பாக்கிக் குண்டுகளை ஒப்பிடும் நுணுக்குக்காட்டி. கைரேகைக்கு ஒரு முழு அறை. எங்களிடையே கைநாட்டு என்றால் படிக்காதவனைத் திட்டுகிற சொல். அந்தக் கைநாட்டை வகைப்படுத்தி ஆளைப் பிடிக்கும் வித்தையாக்கியதில் வங்காளத்துப் பொலிஸ்காரர்களுக்குப் பெரிய பங்கு. பலகையிலோ வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் மட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்ரிக்கு அதுவும் பொருட்டில்லை.

“எனக்கு உந்தக் கள்ளரால ஒரு காரியமும் இல்லைத் தம்பி. செத்தவை ஆரெண்டு பாக்கிற இடம் எங்க?”

எரிச்சலோடு தேடினேன். அவர் கேட்டது நியாயம்தான். கொலைகாரர்களுக்கு நாலு அறை கொடுத்தவர்கள், பெயர் தெரியாமல் செத்தவர்களுக்குக் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரேயொரு பலகை வைத்திருக்கிறார்கள்.

அங்கே நின்ற வழிகாட்டி, ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்மணி. டிஎன்ஏ பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அன்ரி நேரே போய்ச் சட்டையை நீட்டினார். நான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. அவன் போன பிறகு இதைத் தோய்த்தீர்களா என்பதுதான் வழிகாட்டியின் முதல் கேள்வி.

அன்ரியின் முகம் மலர்ந்தது. “ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் தோய்ச்சு, நீலம் போட்டு, அயர்ன் பண்ணி வைக்கிறனான். வந்தா அழுக்குச் சட்டையையே குடுக்கிறது?”

வழிகாட்டி மெதுவாகச் சொன்னார்: வியர்வையும் தோலும்தான் தேவை, இத்தனை தரம் தோய்த்ததில் அநேகமாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதைத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில். சொன்னேன். என் வாயை அறுத்துப் போடலாம் போல இருந்தது. அன்ரி சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொலர் பளிச்சென்று இருந்தது.

சட்டை தேவையில்லை என்றார் வழிகாட்டி. தாயின் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியால் ஒரு தரம் தடவி எடுத்தாலே எலும்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

“நான் செத்தாப் பிறகும் எடுக்கேலுமோ எண்டு கேளும்.”

கேட்டேன். உயிரோடு இருக்கும்போது கொடுப்பதுதான் சுலபம் என்று பதில் வந்தது.

“அப்ப நான் இப்ப சாகேலாது,” என்றார் அன்ரி. சட்டையை மடித்தார்.

வெளியே போகிற வழியில் கைரேகை போட்ட தேநீர்க் கோப்பை 22 டொலருக்கு விற்கிறார்கள். வாங்காதீர்கள். வார இறுதியில்தான் திறப்பு, பத்துக்கே போய்விடுங்கள். இரண்டு மணி நேரம் போதும். பெரிய பை வேண்டாம். உங்கள் வீட்டில் காணாமல் போனவரின் உடுப்பு இருந்தால் தயவுசெய்து தோய்க்காதீர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டியும் வைக்காதீர்கள். காகித உறையில் போட்டு, ஈரம் படாமல் வையுங்கள்.

அன்ரி போன கிழமை போன் எடுத்தார். பிரஷர் குளிசையை ஒருநாளும் விழுங்காமல் விடுவதில்லையாம், காலையில் நடக்கவும் போகிறாராம். அவருடைய டிஎன்ஏயை எடுத்து வைக்கச் சொல்லி இங்கேயும் ஊரிலும் நான் கேட்டுப் பார்க்காத கந்தோர் இல்லை. ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். அன்ரிக்கு வயது எழுபத்தாறு. ஒருதரம் வாயைத் திறவுங்கள் அம்மா என்று இதுவரை ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.