உடன் நிற்க ஒருவர்

முழங்கால் வலிக்கு மிதிவண்டி ஓட்டுவது நன்று என்று மருத்துவர் கூறினார். நான் அறிந்த மிதிவண்டி ஒன்றே ஒன்றுதான். பஞ்சாலை வேலைக்குப் போய்வந்த காலத்தில் ஓட்டிய கறுப்பு வண்டி அது. ஆலையை மூடியபின் அதையும் விற்றுவிட்டேன். இன்றைய கடைகளில் அந்த இனத்தைக் காணோம். நேரான கைப்பிடியும் தடித்த டயரும் கொண்ட மலை வண்டிகளே வரிசையாக நின்றன. எங்கள் நெல்லித்தோப்பில் மலை ஏது என்று முதலில் நகைத்தேன். பிறகு எங்கள் தெருவின் பள்ளங்களை நினைத்துப் பார்த்தேன். அந்த டயர் பொருத்தமானதே என்று தோன்றியது.

கடையில் இருந்த பெண் கியர், ஷாக், டிஸ்க் பிரேக் என்று அடுக்கிக்கொண்டே போனாள். எதுவும் விளங்காமல் நான் தலையை மட்டும் ஆட்டியதைக் கண்டு அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"தாத்தா, கம்மி விலைக்குப் புதுசு வாங்காதீங்க. இரும்பாட்டம் கனக்கும், உங்களால தள்ளக்கூட முடியாது. நல்ல வண்டியா செகண்ட் ஹேண்ட்ல பாருங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

உழவர்கரையில் ஒரு தேநீர்க் கடைச் சுவரில் அத்தகைய வண்டி விற்பனைக்கு இருப்பதாகத் தாள் ஒட்டியிருந்தது. விலாசம் விசாரித்துப் போனேன். முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் பச்சை நிற வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார். டயரை அழுத்திப் பார்த்தேன், பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். அத்துடன் எனக்குத் தெரிந்த சோதனைகள் முடிந்துவிட்டன. சற்று ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"தாராளமா. கூட வந்தவங்க எங்க?"

"கூட யாரும் வரல தம்பி."

"அப்ப கஷ்டம் பெரியவரே. போன மாசம் ஒருத்தன் இப்படித்தான் ட்ரையல் பாக்கறேன்னு என் தம்பி வண்டிய எடுத்துக்கினு போனான். இன்னும் ட்ரையல் பாத்துக்கினுதான் இருக்கான்."

ஈடாக வைத்துக்கொள்ளட்டும் என்று என் கைபேசியை நீட்டினேன். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இந்த பட்டன் போன வச்சிக்கினு நான் இன்னா பண்றது? யாரயாவது கூட்டிக்கினு வாங்க. நீங்க ஒரு ரவுண்டு போய்ட்டு வர்ற வரைக்கும் அவங்க இங்க நிக்கட்டும், அவ்ளோதான்."

அவர் கேட்டது நியாயம். வேறு எவரும் எளிதில் நிறைவேற்றியிருக்கக்கூடிய நிபந்தனையும்கூட. வீட்டுக்குத் திரும்பும் வழியில் யாரை அழைப்பது என்று யோசித்தேன். மனைவி காலமாகிவிட்டார். மகன் பிரான்சில் குடும்பத்தோடு இருக்கிறான். ஆலை நண்பர்களில் எஞ்சியவர்கள் பிள்ளைகளின் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வணக்கம் சொல்வோர் பலர் உண்டு. ஆனால் வணக்கம் சொல்பவரிடம் "என்னோடு வந்து சற்று நில்லுங்கள்" என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

இறுதியில் எதிர்வீட்டுக்காரரின் கதவைத் தட்டினேன்.

"ஒரு அரைமணி நேரம் என்னோட வந்து நிக்கணும் சார். ஒரு ஜாமீன் மாதிரி" என்றேன்.

அவர் முகம் மாறியது. "ஜாமீனா? இன்னா சார், எதுனா கேஸா?"

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "யாரு அது? எதுலயும் கையெழுத்துப் போட்டு வைக்காத, சொல்லிட்டேன்!"

விவரம் சொன்னதும் இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "சைக்கிள்தான? ஞாயித்துக்கெழம போலாம் சார்" என்றார். ஞாயிறன்று சட்டையை மாற்றிக்கொண்டு காத்திருந்தேன். பத்து மணிக்குமேல் கீழே ஸ்கூட்டர் கிளம்பும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தபோது கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் நால்வரும் அதில் நெருங்கி அமர்ந்து தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் மறந்திருப்பார். குறை சொல்வதற்கில்லை.

நான் மட்டும் மீண்டும் உழவர்கரைக்குப் போனேன். நண்பர் பின்னால் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்வதாக உத்தேசம். பேருந்தில் அந்தப் பொய்யை ஒத்திகையும் பார்த்துக்கொண்டேன். அந்த இளைஞர் என் முதுகுக்குப் பின்னால் பார்வையைச் செலுத்தி, "யாரு வந்துகிறாங்க?" என்று கேட்டபோது வாயில் வேறு சொல் வந்தது.

"நிக்க வைக்க எனக்கு யாரும் இல்ல தம்பி."

அதுவரை அவ்வாறு நான் எனக்குள்ளும் சொல்லிக்கொண்டதில்லை. அவர் குனிந்து சீட்டை எனக்கேற்றபடி இறக்கினார்.

"போய்ட்டு வாங்க. அந்த வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்புங்க. முன் பிரேக்க மட்டும் புடிச்சிடாதீங்க, தூக்கிப் போட்டுடும்."

ஏறியதும் கைப்பிடியில் எதையோ தவறாக அழுத்திவிட்டேன். சங்கிலி நறநறத்தது. கால்கள் வீணாகச் சுழன்றன. இன்னொன்றை அழுத்தினேன், கியர் பிடித்து வண்டி நகர்ந்தது. பள்ளங்களில் இறங்கியபோதும் முழங்கால் நோகவில்லை. வேப்பமரத்தடியில் திரும்பும்போது, இந்நேரம் ஒரு மனிதர் வாசலில் நின்றபடி நான் வருகிறேனா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்ற எண்ணம் வந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு என் வருகையை ஒருவர் எதிர்பார்த்திருக்கிறார். அவரைக் காக்க வைக்கலாகாது என்று வேகமாக மிதித்தேன்.

வாசலில் எவரும் இல்லை. கேட் சாத்தியிருந்தது. உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டு நகரும் ஓசை கேட்டது. முன்பின் அறியாத கிழவனை நம்பி வண்டியைக் கொடுத்துவிட்டு அவர் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால், என்னைச் சற்றுக் குறைவாக நம்பியிருந்தால் வாசலிலேயே நின்றிருப்பாரே என்றுதான் எண்ணினேன்.

வண்டியை வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். ஆயினும் உடனே கூப்பிடவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று, கைப்பிடியைப் பற்றியபடி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.