எலுமிச்சை மரத்துக்கு வலை போட்ட ஓட்டல்

காலை ஏழு மணி, இருபது எலுமிச்சை மரம், செல்வராஜ்: 2006இல் ஓமன் நாட்டு சலாலாவில் என் டூட்டி இப்படித்தான் தொடங்கும். நான் ஒரு ஓட்டலின் தோட்டத்தைக் காண்ட்ராக்டில் பார்த்துக்கொண்ட பராமரிப்பு கம்பெனியில் சூப்பர்வைசர். அரியலூர் செல்வராஜ் என்னிடம் வேலை பார்த்தவர். மரம் தழைத்தால் பெருமை ஓட்டலுக்கு, இலை போனால் குற்றம் நமக்கு என்பது இந்தத் தொழிலின் விதி; காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

செல்வராஜுக்கு மே மாதம் லீவு. மனைவிக்கு ஜூனில் தலைப்பிரசவம். பக்கத்தில் இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

எச்சம்

ஏப்ரலில் ஓட்டல் முற்றத்து எலுமிச்சை இலைகளில் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருந்தது. பறவை எச்சம் என்று முடிவு கட்டினார் ஓட்டல் மேலாளர், டெல்லிக்காரர். எச்சம்போல வேஷம் போடும் புழு அது. ஆப்பிரிக்கா முழுக்கத் திரிந்து சலாலா வரை வந்திருக்கும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழுப் பருவம். கையால் பொறுக்கினால் போதும் என்றேன். நம்பவில்லை. ஒன்றைக் குச்சியால் தொட்டுக் காட்டினேன். தலையிலிருந்து செம்மஞ்சள் கொம்பை நீட்டி நாற்றம் விட்டது. மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நாறுது இல்ல? அப்போ எச்சம்தான். கழுவுங்க, ஜல்தி."

வலை

கழுவியும் போகவில்லை. பறவை வராமலிருக்க எல்லா மரத்துக்கும் வலை போடச் சொன்னார். புழுவைக் கொத்தித் தின்றுகொண்டிருந்ததே அந்தப் பறவைகள்தான். எங்கள் மேனேஜர் ஜோசப்பிடம் முறையிட்டேன். கஸ்டமர் கேட்டதைச் செய் என்றார். மே பிறந்தபோது புழுக்கள் பச்சையாக, விரல் பருமனில் இருந்தன. மரங்களில் குச்சிதான் மிச்சம். செல்வராஜின் லீவு ரத்து. அவர் பாஸ்போர்ட் ஜோசப்பின் மேசை டிராயரில் இருந்தது. வலை யாருடைய யோசனை என்று ஜோசப்பிடம் கத்தினேன். மரம் தளிர்க்கட்டும், பாஸ்போர்ட் தருகிறேன் என்றார் அவர். வெளியே வந்ததும் செல்வராஜ் கேட்டார்:

"ஏண்ணே, மரம் தளிர்க்கிற வரைக்கும் புள்ளைய வயித்துலயே இருக்கச் சொல்லட்டா?"

மருந்து

அடுத்து மருந்து. எலுமிச்சைக்கு மட்டும் போதும் என்றேன். பூச்செடி, புல்தரை, வேலி எதையும் விடாதே என்று ஓட்டலில் உத்தரவு. முகமூடி வரவில்லை, செல்வராஜ் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தார். முதுகில் மருந்து டப்பாவோடு நின்றபோதுதான் பெண் பிறந்த செய்தி போனில் வந்தது. மரமும் தளிர்த்துவிட்டது. பாஸ்போர்ட் கேட்டுப் போனோம். சாரல் சீசன் தொடங்கிவிட்டது, கூட்டம் வரும் என்று ஜோசப் டிராயரைத் திறக்கவே இல்லை.

"சீசன் முடியட்டும் செல்வா. குழந்தை எங்க ஓடிப் போகப் போகுது?"

போட்டோ

ஆகஸ்டில் ஓட்டல் விளம்பரத்துக்குப் படமெடுக்க ஆள் வந்தார். முந்தைய ஆண்டுப் படத்தில் பூமேல் உட்கார்ந்திருந்த, கறுப்பில் மஞ்சள் திட்டுப் போட்ட பட்டாம்பூச்சி இந்த முறையும் வேண்டுமாம். முற்றத்தில் ஒன்றுகூட இல்லை. மேலாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தப் புழுதான் இந்தப் பூச்சி என்று விளக்கினேன். ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பாய், புழுவைத்தானே கொல்லச் சொன்னேன். பட்டாம்பூச்சியைக் கொல்லச் சொன்னது யார்?"

முட்டையிலிருந்து நேராக இறக்கையோடு வரும் பூச்சியும், குடும்பம் இல்லாத தோட்டக்காரனும் கிடைத்திருந்தால் அந்த ஓட்டலுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது.

செல்வராஜ் 2007 பிப்ரவரியில் ஊருக்குப் போனார்; மகளுக்கு அப்போது எட்டு மாதம்.