கடலில் நிற்பவனுக்குச் சொல்லாத சேதி

தெருமுனையில் மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டு நின்றேன். என் மருமகள் செல்வி செருப்புகூடப் போடாமல் வந்தாள். "மாமி, எஸ்தர் டீச்சர் தவறிட்டாங்களாம். நெஞ்சுவலியாம். காலேஜ்ல இருந்து போன் வந்துச்சு" என்றாள். "சரி, நீ வீட்டுக்குப் போ" என்றேன். பேசிய விலைக்கே ஊளி மீனை வாங்கி வந்து குழம்பு வைத்தேன். உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. வாயில் விட்டுப் பார்த்தும் தெரியவில்லை.

டீச்சருக்கான இந்த இரங்கல் கூட்டத்தில் நானும் பேச வேண்டும் என்றார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மைக் முன்னால் நிற்க வராது என்பதால் எழுதித் தருகிறேன். டீச்சரோடு வேலை பார்த்தவர்களும், எங்களைப் போலப் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பியவர்களும் கேட்பீர்கள். புகழ்ந்து மட்டும் எழுத எனக்குத் தெரியாது.

பட்டாளத்துக்காரர் வீடுகளில் இருப்பவர்களின் மனசு எப்படி இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லிக்கொண்டுதான் டீச்சர் காலேஜில் இருந்து முதலில் வந்தார். "எங்களுக்கு என்ன, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று வாசலிலேயே கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "இல்லம்மா. எப்படி இருக்கீங்கன்னு கேக்க வந்தேன்" என்றார். என் மகன் சேவியர் நன்றாக இருக்கிறான் என்றேன். "மகனக் கேக்கல்லம்மா. இங்கன இருக்க உங்களக் கேக்கேன்" என்றார். அப்படி என்னை யாரும் கேட்டதில்லை. அதற்காகவே அவரைப் பிடிக்காமல் போயிற்று.

வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனியாகத்தான் பேசுவார். அதுதான் அவர் வேலை செய்யும் முறை என்பது உங்களுக்குத் தெரியும். செல்வியோடு பேசும்போது என் வீட்டுக் கதவை எனக்கே சாத்தினார். வெளியே வந்ததும், "எம் மருமவ என்ன சொன்னா?" என்று கேட்டேன். "அவகிட்டயே கேளுங்கம்மா. அவ சொன்னது அவளுக்குச் சொந்தம்" என்றார். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சாகும்வரை அவர் சொல்லவில்லை.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு சேதி இருந்தது. செல்விக்கு ஐந்தாம் மாதத்தில் பிள்ளை கலைந்திருந்தது. சேவியருக்கு நாங்கள் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் நிற்கும் ஆளுக்குக் கெட்ட சேதி சொல்ல மாட்டோம். கரைக்கு வந்த பிறகுதான் சொல்லுவோம். என் மகன் நின்றது கடலில் இல்லை, பனிமலையில். ஆனாலும் அதே வழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அவன் போன் வரும். ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சுற்றி உட்காருவோம். "நல்லாருக்கோம்" என்று நான் முதலில் சொல்லுவேன். கடைசியில் செல்வி சொல்லுவாள்.

டீச்சர் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "படகு பொழுதுக்குள்ள கரைக்கு வந்துரும்மா. உங்க மகன் எப்பம்மா கரைக்கு வருவாரு?"

"லீவு கெடைக்கும்போது வருவான்."

"அதுவரைக்கும் செல்வி, வயித்துல புள்ள இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கணுமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் இருக்கும்போதே போன் வந்தது. "செல்வி, பிள்ள அசையுதா?" என்று கேட்டான். செல்வி டீச்சரைப் பார்த்தாள். ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். டீச்சர் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டார்.

தெருவில் உப்பு லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "அவன் கையில துப்பாக்கி இருக்கு டீச்சர். அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கள விடமாட்டேன்" என்றேன். "தெரியும்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். என் முழங்கையை அவர் இன்னும் விடவில்லை. படித்தவர்கள் பயப்படுவதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

செல்வி வெகுநேரம் கழித்து வந்தாள். "சொல்லிட்டேன் மாமி. அழுதாவ. பொறவு, நீ எப்படி இருக்கன்னு கேட்டாவ" என்றாள். அன்று மத்தியானம் அவளாகவே சோறு கேட்டு வாங்கித் தின்றாள். சேவியர் மேலதிகாரியிடம் சொல்லி லீவு வாங்கி வந்தான். பெண்டாட்டியோடு நன்றாக இருந்தான். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கையில் துப்பாக்கியோடு தனியாக நிற்பவனிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன். அவன் பிழைத்துக்கொண்டான் என்பதற்காக நான் நினைத்தது தப்பாகிவிடாது.

பிறகு பட்டாளத்துக் குடும்பங்களின் கூட்டம் ஒன்றில், பெயர் சொல்லாமல் இந்தக் கதையை டீச்சர் பேசினார். நேரே போய்ச் சண்டை பிடித்தேன். "அது நாந்தான்னு எங்க தெருவுக்கே தெரியும்" என்றேன். டீச்சர் சிரித்துவிட்டார். "உங்க தெருவுல பாதிப் பேரு, எங்க வீட்டுக் கதைய ஏன் சொன்னீங்கன்னு எங்கிட்ட சண்டைக்கு வந்தாச்சும்மா. நீங்க பிந்தி வந்திருக்கீங்க."

அடக்கத்துக்கு டீச்சரின் ஊரான நாசரேத்துக்குப் போனேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. ஏன் என்று என்னிடம் கேட்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை போன் வரும் நேரத்தில், "மாமி, டீச்சர் விசயத்த அவுகளுக்கு இப்பச் சொல்லணுமா, லீவுல வந்த பொறவு சொல்லுவமா?" என்று செல்வி கேட்டாள். அவனுக்கு இப்போதும் எல்லையில்தான் காவல். நான் போனை வாங்கினேன். "ஏலே சேவியர், எஸ்தர் டீச்சர் செத்துப் போனாங்க" என்றேன். "இந்தத் தடவ நீயே சொல்லுத" என்றான். போனைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்: வெளியே வந்து கதவைச் சாத்துவது. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று யாரும் என்னிடம் சொல்வதில்லை. அந்தக் கோபமும் அவர் தந்ததுதான். அதையும் வைத்திருக்கிறேன்.