பிரைமர் காய்வதற்குள்

நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் பெயின்டர். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பெருமை அதைவிடச் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நான் ஜெயித்த கதை. அடக்கமாகச் சொல்லச் சொன்னால் என்னால் ஆகாது.

எங்கள் தொழிலில் பாதி நாள் காத்திருப்பதிலேயே போய்விடும். முதல் பூச்சாகப் பிரைமர் அடித்தால் அது காயும் வரை அடுத்த பூச்சில் கை வைக்க முடியாது. அந்த நேரத்தில் எங்கள் பட்டறையில் செஸ் நடக்கும். பெரிய டின் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் பலகை, சின்ன டின் இரண்டைக் கவிழ்த்து அதன்மேல் நாங்கள். கடிகாரம் கிடையாது. பிரைமர்தான் கடிகாரம். மேஸ்திரி அவ்வப்போது வண்டிக்குப் போய் ஒரு ஓரத்தில் விரல் வைத்துப் பார்ப்பார். விரலில் ஒட்டவில்லை என்றால், "காஞ்சிருச்சு, எந்திரிங்க" என்பார். ஆட்டம் அந்த நிமிஷமே முடிந்தது.

முடிந்ததும் பலகையில் மிச்சமிருக்கும் தலைகளை எண்ணுவோம். ராணியும் ஒரு தலை, சிப்பாயும் ஒரு தலை. யாரிடம் தலை அதிகமோ அவன் ஜெயித்தான். சமமாக இருந்தால் போன தடவை ஜெயித்தவனுக்கே இந்தத் தடவையும் வெற்றி. செக்மேட் ஆகிவிட்டால் எண்ணத் தேவையில்லை. ஆனால் எங்கள் பட்டறையில் செக்மேட் வரை ஆட்டம் போனதை நான் பார்த்ததே இல்லை. நாமக்கல் வெயிலில் பிரைமர் அவ்வளவு நேரம் தாங்காது. செஸ்ஸை முறையாகப் படித்தவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும், பத்து வருஷமாக எங்களுக்கு இதுதான் சட்டம்.

ஜெயித்தவனுக்கு இரண்டு சலுகை. அடுத்த ஆட்டத்தில் வெள்ளைக் காய் அவனுக்கு. அந்த வண்டியின் முகப்பு வேலையும் அவனுக்கு. பூ, கண், எழுத்து எல்லாம் அவன் கைதான். தோற்றவன் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து சேசிஸுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்க வேண்டும். கண் இமையில் சொட்டும், மூக்கில் சொட்டும். சாயந்திரம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாலும் காதோரம் கறுப்பு போகாது. பதினொரு மாதம் நான் அப்படித்தான் வீட்டுக்குப் போனேன்.

என்னை அடியில் படுக்க வைத்தவர் பட்டறையின் இன்னொரு பெயின்டர். தம்மம்பட்டிக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் அந்த மாதங்களில் மனதுக்குள் வேறு பல பெயர்களும் வைத்திருந்தேன். அவருடைய ஆட்டம் மாறவே மாறாது. ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். அடுத்து அதன் பக்கத்துச் சிப்பாயைத் தள்ளுவார். பிறகு சுவர் கட்டுவது போல் ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு உட்கார்ந்துகொள்வார். எங்கேயாவது நான் அவசரப்படுவேன், ஒரு சிப்பாய் போகும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு காயை நகர்த்த ஒரு டீ குடிக்கிற நேரம் எடுப்பார். "என்ன மேஸ்திரி, காயுதா?" என்று வண்டிப் பக்கம் ஒரு பார்வை. ஒரு தலை முன்னால் இருந்தால் போதும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

இப்படியே போயிருக்கும், என் அக்கா லாரி வாங்காமல் இருந்திருந்தால்.

அக்கா சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இத்தனை வருஷம் போன் எடுத்தவள். சொந்தமாக ஒரு வண்டி என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பாடி கட்டாத வெறும் சேசிஸ் எடுத்து நேராக எங்கள் பட்டறைக்குத்தான் அனுப்பினாள். முன்கண்ணாடிக்கு மேலே நெற்றிப் பலகையில் அம்மா பெயர் மட்டும் போட வேண்டும் என்றாள். சாமி பெயர், குழந்தைகள் பெயர் எதுவும் வேண்டாமாம்.

அம்மா நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் காட்டு வேலைக்குப் போய் எங்கள் இருவரையும் வளர்த்தவள். படிப்பு கிடையாது, இன்றைக்கும் கைநாட்டுதான். அன்று சாயந்திரமே அவளுக்குப் போன் போட்டு, "அம்மா, உன்ற பேரை நானே என்ற கையால எழுதறேன்" என்று பெரிய மனுஷன் போல் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் சட்டம் ஞாபகம் வந்தது. முகப்பு ஜெயித்தவனுக்கு. நான் ஜெயித்துப் பதினொரு மாதம் ஆகிறது.

மேஸ்திரியிடம் போனேன். "ஏனுங்க, எங்கக்கா வண்டிங்க. இந்த ஒரு தடவ மட்டும் விட்டுக் குடுங்க."

"அதெப்படியப்பா? நாளைக்கு ஒவ்வொருத்தனும் எங்க மாமன் வண்டி, எங்க சித்தப்பன் வண்டிம்பான். ஜெயிச்சு எழுதிக்க" என்றார்.

அண்ணனிடம் கேட்டிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் போய்க் கெஞ்சுவதற்கு அம்மா பெயர் எழுதாமலே இருக்கலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு அன்று ராத்திரி எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

பிரைமர் கட்டத்துக்கு வண்டி வர மூன்று வாரம் இருந்தது. போனில் தேட ஆரம்பித்தேன். ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயைத் தள்ளுகிறவனைக் கறுப்புக் காய் வைத்துக்கொண்டு எப்படி அடிப்பது? முக்கால்வாசிப் பேர் பொறுமையாக இரு, அரண் கட்டு என்றார்கள். பொறுமையாக இருந்துதான் பதினொரு மாதம் மல்லாந்து கிடந்தேன். கடைசியில் ஒரு வீடியோவில் புடாபெஸ்ட் கேம்பிட் என்று ஒன்று வந்தது. ஐரோப்பாவில் ஒரு ஊர் பெயராம். இரண்டாவது நகர்த்தலிலேயே கறுப்பு தன் சிப்பாய் ஒன்றை நடுவில் கொண்டுபோய், எடுத்துக்கொள் என்று நீட்டுகிறது. அவன் எடுத்ததும் குதிரை அவன் வாசலுக்கே போய் நிற்கிறது. பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தலை எண்ணும் எங்கள் பட்டறையில் தலையைச் சும்மா கொடுக்கிற ஆட்டத்தை எவன் ஆடுவான்? ஆடுகிறவன் பைத்தியக்காரன். அண்ணன் அதை வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார்.

மத்தியானச் சோற்று நேரத்தில் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து போனில் அதையே ஆடிப் பழகினேன். முதல் வாரம் கண்டவனிடமெல்லாம் உதை வாங்கினேன். இரண்டாவது வாரம் பாதிக்குப் பாதி ஜெயித்தேன். பட்டறையில் மட்டும் மூச்சு விடவில்லை. அண்ணனோடு பழையபடியே ஆடினேன், பழையபடியே தோற்றேன். வேண்டுமென்றே தோற்றேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் பாதி ஆட்டம் மெய்யாகவே தோற்றதுதான்.

அந்த நாள் வந்தது. காலையில் அக்கா வண்டியின் முகப்புக்கு நானும் அண்ணனுமாகப் பிரைமர் அடித்து முடித்தோம். கை கழுவி வந்து டின்னில் உட்கார்ந்தோம்.

அண்ணன் வழக்கம்போல் ராணிச் சிப்பாயைத் தள்ளினார். நான் குதிரையை வெளியே எடுத்தேன். அவர் பக்கத்துச் சிப்பாயைத் தள்ளினார். நான் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, அவருடைய சிப்பாயின் வாயிலேயே வைத்தேன்.

"தம்பி, பார்த்துதான் வெச்சியா? சும்மா போகுதே."

"எடுங்கண்ணா."

எடுத்தார். வேடிக்கை பார்த்த வெல்டர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி வாயைத் திறந்து, "ஏப்பா, உங்கக்கா வண்டிக்கே இப்படி ஆடறயே" என்றார். என் குதிரை அண்ணன் பக்கத்துக்குப் பாய்ந்து, அந்தச் சிப்பாயைக் குறி வைத்து நின்றது. கிடைத்த தலையை விடாமல் காப்பாற்ற அண்ணன் மந்திரியைக் கொண்டுவந்தார். நான் இரண்டாவது குதிரையை எடுத்தேன். அவரும் ஒரு குதிரையைக் காவலுக்கு வைத்தார். நான் மந்திரியை நீளமாக ஓட்டி ராஜாவுக்குச் செக் வைத்தேன். இன்னொரு குதிரையை நடுவில் போட்டு அடைத்தார். என் ராணியை ராஜாவுக்கு முன்னால் ஒரு கட்டம் நகர்த்தி, அவருடைய ராஜாவை நேர்க்கோட்டில் பார்க்கும்படி நிறுத்தினேன். நடுவில் காய்கள் இருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

ஒவ்வொன்றுக்கும் அவர் டீ குடிக்கிற நேரம் எடுத்தார். மேஸ்திரி போய் விரல் வைத்தார். "இன்னும் ஒட்டுது. ஆனா ரொம்ப நேரம் இல்ல" என்றார். எனக்கு ஒரு தலை குறைவு. முதுகில் வேர்வை ஊற்றியது.

அண்ணன் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி என் மந்திரியை விரட்டினார். நான் மந்திரியைத் தொடவில்லை. முன்னால் நின்ற குதிரையால் அவருடைய நடுச் சிப்பாயை வெட்டினேன். கொடுத்த தலை திரும்பி வந்துவிட்டது. இப்போது சமம்.

இங்கேதான் விஷயம். சமமாக இருந்தாலே வெற்றி அவருக்கு. அவர் எதையும் வெட்டாமல் ஏதாவது ஓரத்துக் காயை நகர்த்திவிட்டுப் பிரைமர் காயும் வரை சாவகாசமாக உட்கார்ந்திருக்கலாம். வேறு ஊரில் வேறு ஆள் நிதானித்து ஏன் இவன் மந்திரியை விட்டுவிட்டான் என்று யோசித்திருப்பான். ஆனால் பத்து வருஷமாகத் தலை எண்ணிப் பழகிய கை அது. சிப்பாய்க்குப் பக்கத்தில் ஒரு மந்திரி அனாதையாக நிற்கும்போது அதைச் சும்மா விட எங்கள் பட்டறையில் யாருக்கும் தெரியாது. நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன். அன்றைக்கு ஒரு நாள்தான் அவர் யோசிக்காமல் ஆடினார். சட்டென்று மந்திரியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "மேஸ்திரி, காஞ்சிருச்சான்னு பாருங்க" என்றார்.

மேஸ்திரி எழுந்தார். அவர் வண்டிக்குப் போவதற்குள் நான் நடுவில் நின்ற குதிரையைத் தூக்கி அண்ணனுடைய ராஜாவின் மூக்குக்குக் கீழே வைத்தேன்.

"செக்குங்கண்ணா."

"சிப்பாய் வெட்டுமே" என்று ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயைத் தூக்கினார். நான் என் ராணியின் மேல் விரலை வைத்து அந்தக் கோட்டோடு அவருடைய ராஜா வரை இழுத்துக் காட்டினேன். சிப்பாய் நகர்ந்தால் ராஜா மாட்டுகிறார். சிப்பாயைத் திரும்ப வைத்தார். ராஜாவைத் தொட்டார். போக இடமில்லை. பக்கத்தில் ராணி, மந்திரி, குதிரை, சிப்பாய் என்று சுற்றிலும் அவருடைய ஆட்களே அடைத்து நின்றார்கள். பலகையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அவர் தலைகீழாக, பக்கவாட்டாக எல்லாம் பார்த்தார். பிறகு மடியில் இருந்த மந்திரியை எடுத்து டின்மேல் வைத்தார்.

மேஸ்திரி விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். நுனியில் சாம்பல் நிறம் இருந்தது. "இன்னும் காயலீங்க" என்றார்.

நான் கத்திய கத்தலில் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். வண்டி யாரையாவது அமுக்கிவிட்டதோ என்று பயந்தார்களாம். வெட்கப்படவில்லை. பதினொரு மாதக் கறுப்பும் அந்த ஒரு கத்தலில் இறங்கியது. எட்டே நகர்த்தல், எட்டாவதில் செக்மேட்.

முகப்புக்கு மஞ்சள் அடித்து, அது காய்ந்ததும் சாக்பீஸ் தடவிய நூல் பிடித்துக் கோடு தட்டினேன். சிவப்பில் எழுதி நீலத்தில் நிழல் கொடுத்தேன். எத்தனையோ பெயர்கள் எழுதியிருக்கிறேன், இந்த ஒன்றில்தான் முதல் எழுத்தை மூன்று தடவை துடைத்து எழுதினேன். கீழே வண்டிக்கு அடியிலிருந்து அண்ணன் குரல் வந்தது. "தம்பி, அந்தக் குதிரை எங்க இருந்து வந்துச்சு? மறுபடி சொல்லு." சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன், சந்தோஷமாக.

பூஜை அன்று அக்கா அம்மாவைக் கூட்டி வந்தாள். எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து எல்லாம் முடிந்த பிறகு அம்மா நெற்றிப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏஞ்சாமி, இதுல என்ற பேரு எது?" என்று என்னைக் கேட்டாள்.

"அத்தனையுந்தானுங்கம்மா. இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும்."

அவள் நம்பவில்லை. ரேஷன் கார்டில் யாரோ விரல் வைத்துக் காட்டிய அளவில்தான் தன் பெயரை அவள் பார்த்திருக்கிறாள். ஏணியைக் கொண்டுவரச் சொன்னாள். அண்ணன்தான் ஓடிப்போய் எடுத்து வந்து, ஆடாமல் பிடித்துக்கொண்டார். அம்மா ஏறினாள். முதல் எழுத்தில் கட்டை விரலை ஊன்றி, காட்டில் பாத்தி அளக்கிற மாதிரி கையை விரித்துச் சாண் சாணாக அளந்தாள். கை எட்டாதபோது இறங்கி, ஏணியைத் தள்ளி வைக்கச் சொல்லி, மறுபடி ஏறி அளந்தாள். கடைசி எழுத்தில் சுண்டுவிரல் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஒம்போது சாணு வருது சாமி" என்றாள். "ஆளு எட்டுச் சாணுதான். பேரு என்னைய விட ஒரு சாணு பெருசா இருக்குது."